முந்தியவர் யார்?

பொன்முடியின் உச்சிப் புல்வெளியில், மேகம் விலகிய காலை வேளையில் நின்று தென்கிழக்கே நோக்குவோர்க்கு, அடுக்கடுக்காகச் செல்லும் மலைத்தொடரின் அந்தத்தில் கூம்பித் தனித்தெழுந்த சிகரம் ஒன்று புலப்படும். மலையாளத்தார் அகஸ்தியர்கூடம் என்றும், தாமிரபரணிக் கரையிலுள்ளோர் பொதிகை என்றும் வழங்கும் 1,868 மீட்டர் உயரமுள்ள மலை அதுவே. திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் பிரயாணிக்கு விதுரா வரையில் இவ்விரு மலைகளுக்கும் பாதை ஒன்றுதான். அதற்கப்பால் ஒரு கிளை கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் பொன்முடிக்கு ஏறுகிறது. மற்றொரு கிளை போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தை நோக்கிச் செல்கிறது. பொன்முடிக்குச் செல்பவர் சோதனைச் சாவடியில் கட்டணம் செலுத்திவிட்டு மேலே போகலாம். போணக்காட்டிலிருந்து காட்டு வழியே அகஸ்தியர்கூடம் ஏற விரும்புபவரோ, காலில் செருப்பு மாட்டுவதற்கு எத்தனையோ நாட்களுக்கு முன்னரே, தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து செல்போன் திரையில் ஒரு போட்டியை வென்றாக வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களை ஒட்டிய சில வாரங்கள் மட்டுமே கேரள வனத்துறை இப்பயணத்தை அனுமதிக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 பேருக்கே இடம். முன்பதிவு தொடங்கும் நாளும் மணியும் பத்திரிகைகளில் முன்கூட்டியே வெளியாகின்றன. பெண்களுக்கும் அனுமதி உண்டு என்று கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்த பிறகு, விண்ணப்பிக்கத் தகுதியுடையோர் தொகை பின்னும் பெருகிற்று. குறித்த மணி வந்ததும் ஆயிரக்கணக்கான விரல்கள் ஒரே சமயத்தில் ஒரே பொத்தானை அழுத்துகின்றன. இடங்கள் வெகு சீக்கிரத்தில் தீர்ந்து போகின்றன. அப்போது வழக்கமாக எழும் கேள்வி இது: மணி அடித்த கணத்திலேயே பொத்தானை அழுத்தியவருக்கு "இடமில்லை" என்று பதில் வர, பத்து நிமிஷம் தாமதித்து, பழைய செல்போனில் நிதானமாக நுழைந்த அண்டை வீட்டுக்காரருக்கு இடம் கிடைத்துவிடுகிறதே, அது எங்ஙனம்? சூது நடந்திருக்குமோ என்று சந்தேகிப்பது மனித சுபாவம். ஆனால் சூது சிறிதும் இல்லாத இடத்திலும் இவ்விதம் நிகழ்ந்தே தீரும் என்பதற்கு, சென்ற ஒரு நூற்றாண்டில் வளர்ந்த வரிசைக் கோட்பாடு என்னும் கணிதத் துறை காரணம் கூறுகிறது.

முதலில் அந்த 100 என்ற எண்ணைச் சற்றே கவனிப்போம். 1850களில் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி, பூமியின் காந்த சக்தியில் நிகழும் நுட்பமான மாறுதல்களை அளப்பதற்காக இந்தச் சிகரத்தின் மீதே ஆய்வுக்கூடம் ஒன்றை எழுப்பினார். கருவிகளைத் தோளில் சுமந்து காட்டுக்குள் ஏற வேண்டியிருந்த அக்காலத்தில் மலையின் அருமை அதன் பாதையில் இருந்தது. இன்று அது முன்பதிவு வாயிலுக்கு இடம் மாறிவிட்டது. அவ்வாயிலில் நாளொன்றுக்கு 100 பேரை விட்டால், காட்டுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? 100 என்று சொல்வது தவறு. வழக்கமான பயணத்தில் முதல் நாள் அதிருமலை முகாமை அடைகிறார்கள். மறுநாள் சிகரம் ஏறித் திரும்பவும் அதிருமலையில் தங்குகிறார்கள். மூன்றாம் நாள் இறங்குகிறார்கள். ஆகவே எந்த இரவை எடுத்துக்கொண்டாலும் அன்று வந்த 100 பேரும் முந்தின நாள் வந்த 100 பேருமாக 200 பேர் முகாமில் இருப்பார்கள். நுழையும் வேகத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கினால் உள்ளே இருப்போர் தொகை கிடைக்கும் என்னும் இந்த எளிய நியதியை, வருகை எவ்வளவு ஒழுங்கற்றதாயினும் நீண்டகாலச் சராசரியில் அது பிசகாது என்று 1961-ல் நிரூபித்தவர் அமெரிக்கரான ஜான் லிட்டில். அவர் பெயராலேயே இன்று அது லிட்டில் விதி எனப்படுகிறது.

இவ்விதியை மனத்தில் கொண்டு நம் மலைகளைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் கோடை மாதங்களுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அன்றே திரும்புகிற 6,000 வாகனங்களும், மூன்று நாள் தங்குகிற 6,000 வாகனங்களும் மலைக்கு ஒரே சுமையாகுமா? பின்னதில் எந்நேரமும் 18,000 வாகனங்கள் மேலே நின்றுகொண்டிருக்கும். வாயிலில் எண்ணுவது மாத்திரம் போதாது, தங்கும் காலத்தையும் அறிய வேண்டும். மலையின் தாங்குதிறனை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைச் சென்னை ஐஐடியிடமும் பெங்களூர் ஐஐஎம்மிடமும் நீதிமன்றம் ஒப்படைத்தது பொருத்தமான செயல் என்பது என் அபிப்பிராயம்.

தாங்குதிறனை அளப்பது எப்படி என்பதில் சுவையான பரிசோதனை ஒன்று உண்டு. மிதிபடாத புல்தரையில் சிறு பட்டைகளைக் குறித்து, ஒன்றில் 25 தடவை, அடுத்ததில் 75, பிறகு 200, 500 என்று எண்ணி எண்ணி மனிதரை நடக்கவிட்டு, எஞ்சும் புல்லை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்க்கிறார்கள். இத்தகைய சோதனைகளில் அடிக்கடி கண்ட உண்மை, சேதத்தின் பெரும்பங்கு முதல் சில காலடிகளிலேயே நேர்ந்துவிடுகிறது என்பதாகும். பாதை ஒருமுறை விழுந்தபின் கூடுதலாக நடப்பவர்களால் அந்தப் பாதைக்கு நேரும் தீங்கு ஒப்புநோக்கக் குறைவு. எனவே, ஆட்களைப் பாதியாக்கினால் பாதையின் சேதமும் பாதியாகும் என்று எண்ணுவதற்கில்லை. ஆனால் முகாமின் கழிவும், நீர்த்தேவையும், விலங்குகளின் அமைதிக்கு நேரும் பங்கமும் ஆள்தொகையோடு சேர்ந்து வளர்பவை. அங்கேதான் வரம்பு மெய்யாகவே வேலை செய்கிறது. வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த வரம்புக்குட்பட்ட இடங்களை நாம் பங்கிடும் விதத்தையே இனி நோக்க வேண்டும்.

அதற்கு முன், வரிசை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய, ரேஷன் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எடை போட்டுக் கணக்குப் புத்தகத்தில் பதிபவர் ஒருவரே; ஓர் அட்டைக்குச் சராசரியாக அவருக்கு மூன்று நிமிஷம் ஆகிறது; ஆகவே மணிக்கு 20 அட்டைகளை அவர் முடிக்க வல்லவர். மணிக்குப் பத்துப் பேர், தத்தமக்குத் தோன்றிய நேரத்தில் வந்தால், ஒருவர் காத்திருக்கும் நேரம் சராசரி மூன்று நிமிஷம். மணிக்கு 18 பேர் வந்தாலோ 27 நிமிஷம். இன்னும் ஒரே ஒருவர் கூடி 19 ஆனால் 57 நிமிஷம்! கடைக்காரருடைய சக்தி 20 ஆயிருக்க, வருவோர் அதற்குக் குறைவாகவே இருக்க, ஏன் இந்த வரிசை? வருகை சீராக இல்லாததே காரணம். ஒரு கால்மணியில் எவரும் வராமற்போனால் அந்தக் கால்மணி வீணாயிற்று, அதைச் சேமித்து வைத்துப் பின்னால் செலவிட வழியில்லை. அடுத்த கால்மணியில் பத்துப் பேர் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் அந்தப் பாக்கியைத் தீர்க்க நெடுநேரம் ஆகிறது. சக்தியின் எல்லையை வருகை நெருங்க நெருங்க, இவ்விதப் பாக்கிகளை அடைப்பதற்கான ஓய்வு நேரம் அருகி, காத்திருப்பு செங்குத்தாக ஏறுகிறது.

இதனைக் கண்டு சொன்னவர் டென்மார்க் நாட்டு அக்னர் எர்லாங். 1908-ல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்த இக்கணித அறிஞர், அளவை வேலைகளுக்கு வேறு ஆளில்லாத காலத்தில், ஏணி சுமந்த தொழிலாளி ஒருவர் துணைவர, நகர வீதிகளின் பாதாளக் குழிகளில் தாமே இறங்கிக் கம்பிகளைச் சோதித்தவர். ஒரு கிராமத்தார் அனைவரும் வெளியூருக்குப் பேசுவதற்கு எத்தனை கம்பிகள் போதும் என்பது போன்ற வினாக்களே அவருக்கு முன்னிருந்தவை. ஒருவர் பேச நினைப்பதற்கும் மற்றொருவர் நினைப்பதற்கும் தொடர்பில்லையெனில், ஒரு நிமிஷத்தில் இத்தனை அழைப்புகள் வரும் என்பதன் வாய்ப்பு பிரெஞ்சு அறிஞர் புவாசோன் 1837-ல் வகுத்த பரவலை ஒட்டி அமையும் என்று 1909-ல் அவர் காட்டினார். நாளடைவில் உலகெங்கும் தொலைபேசி நிலையங்கள் அவர் கணக்கின்மீதே அமைக்கப்பட்டன. தொலைபேசிச் சுமையை அளக்கும் அலகுக்கே எர்லாங் என்று பெயரிட்டார்கள்.

எர்லாங்கின் கணக்கு ஓர் அனுமானத்தின்மீது நிற்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வருவோர் ஒருவரையொருவர் அறியாமல், தத்தம் மனம்போல் வர வேண்டும். முன்பதிவு இன்ன மணிக்குத் தொடங்கும் என்று பறைசாற்றும் அறிவிப்பு, அந்த அனுமானத்தை அடியோடு தகர்த்துவிடுகிறது. ஒரு மாதத்தில் பரவி வந்திருந்தால் எளிய சர்வர் ஒன்று எவ்விதச் சிரமமுமின்றி ஏற்றிருக்கக்கூடிய விண்ணப்பங்களை, ஒரு நிமிஷத்துக்குள் திரட்டிக் கொணர்வது அந்த அறிவிப்பேயாகும். சர்வர் முடங்கியது என்று கேள்விப்படும்போது, இயந்திரத்தின் வலிமைக் குறைவை மட்டும் நாம் குறை கூறுகிறோம்; கூட்டத்தை ஒரே கணத்துக்கு வரவழைத்த ஏற்பாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இதற்குமேலும் ஓர் அபாயம் உண்டு. பதில் வராத பக்கத்தை மறுபடி மறுபடி தட்டிப் பார்ப்பது யாவருக்கும் இயல்பு. ஒவ்வொரு தட்டும் சர்வருக்குப் புதிய வேண்டுகோள். தட்டியவர் கைவிட்ட பழைய வேண்டுகோளும் வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. எவருக்கும் இனிப் பயன்படாத பதில்களைத் தயாரிப்பதிலேயே சர்வரின் சக்தி கழிகிறது. இணையமே ஒரு முறை இந்த நோய்க்கு இலக்காயிற்று. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், சுமார் 365 மீட்டர் மட்டுமே தள்ளியிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த செய்தி ஓட்டம் 40 பிட்டாகச் சுருங்கிப்போயிற்று. கம்பி அறுபடவில்லை. அனுப்பியதற்கு ஒப்புதல் வரத் தாமதமானதும் கணினிகள் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பின. பிரதிகளே பாதையை அடைத்துவிட்டன. நெரிசல் வீழ்ச்சி எனப்படும் இந்நிலையை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் காரெல்ஸ் என்னும் இருவரும் 1988-ல் கூறிய பரிகாரங்களுள் ஒன்று, தோல்வியுறுந்தோறும் முன்னிலும் இருமடங்கு நேரம் பொறுத்து அனுப்புவது. கேட்பதற்குச் சாதாரணமாய்த் தோன்றும் இப்பொறுமையே இன்றளவும் இணையத்தை நடமாட வைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல முன்பதிவுத் தளங்கள் இதையே வேறு உருவில் செய்கின்றன. வந்தவருக்கு ஒரு காத்திருப்பு எண்ணைக் கொடுத்து வெளியே நிறுத்தி, சர்வர் தாங்குமளவுக்குச் சிலர் சிலராக உள்ளே விடுகின்றன. எண்ணைப் பெற்றவர் பக்கத்தைத் தட்ட வேண்டிய தேவை ஒழிகிறது.

இனிக் கடைசி ஓரிடத்துக்கு இருவர் போட்டியிடும் கணத்துக்கு வருவோம். கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. ஒருவருடைய வேண்டுகோளை நடத்தும் பகுதி "இடம் ஒன்று மீதி" என்று பதிவேட்டில் படிக்கிறது. அது எழுதுமுன், மற்றவருடைய வேண்டுகோளை நடத்தும் பகுதியும் "ஒன்று மீதி" என்றே படித்துவிடுகிறது. பிறகு இரண்டும் எழுதினால் ஓரிடம் இருவருக்குப் போய்விடும். முன்சொன்ன ரேஷன் கடையில் கணக்குப் புத்தகமும் பேனாவும் ஒருவர் கையில் மட்டும் இருப்பதால் இந்தச் சங்கடம் நேர்வதில்லை. கணினியிலும் அப்படியே, படிப்பதும் எழுதுவதும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாக நிகழ வேண்டும், அது முடியும்வரை வேறெவரும் பதிவேட்டைத் தொடலாகாது. பரஸ்பர விலக்கு எனப்படும் இப்பிரச்சினைக்கு, எத்தனை பகுதிகள் போட்டியிட்டாலும் பொருந்தும் தீர்வை 1965-ல் வெளியிட்டவர் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா. இன்று நாம் எடுக்கும் ரயில் டிக்கெட்டும் சினிமா டிக்கெட்டும் அப்படிப்பட்டதொரு பூட்டைக் கடந்தே வருகின்றன.

ஆனால் பூட்டு தீர்மானிப்பது எதை? தன்னிடம் முதலில் வந்து சேர்ந்தது எது என்பதை மட்டுமே. விரல் முதலில் பட்டது எவருடையது என்பதை அது அறியாது, அறியவும் இயலாது. திரையில் பொத்தான் தோன்றுவதைக் கண்டு விரலை அசைக்கவே மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால் அந்தக் கால அளவில் அது 40,000 கிலோமீட்டரைக் கடந்துவிடும். வீட்டருகேயுள்ள செல்போன் கோபுரத்தின் நெரிசல், வழியிலுள்ள கருவிகளின் வரிசைகள், சர்வர் வாசலில் நிற்கும் கூட்டம் ஆகிய ஒவ்வொன்றும் கூட்டும் தாமதம், இருவர் விரல்களுக்கு இடையிலிருந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். செய்திப் பரிமாற்றத்தால் இணையாத இரண்டு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்ற கேள்விக்கு, கணினி வலையமைப்பில் பொருளே இல்லாதுபோகலாம் என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை விளக்கிற்று. ஐன்ஸ்டைனின் சார்பியலில் காணும் கருத்துக்கு நெருங்கிய உறவு கொண்டது இது. பத்து நிமிஷம் தாமதித்தவர் வென்ற மர்மமும் இப்போது அவிழும். பொதுவாக, தளங்கள் ஓரிடத்தை ஒருவருக்கு ஒதுக்கியபின், பணம் செலுத்தச் சில நிமிஷங்கள் அவகாசம் தந்து அதுவரை பூட்டி வைக்கின்றன. வங்கியின் ஓடிபி வந்து சேராமலோ, நெரிசலில் தொடர்பு அறுந்தோ பணம் செலுத்த இயலாதவர்களின் இடங்கள் அவகாசம் தீர்ந்ததும் திரும்ப வருகின்றன. அந்தக் கணத்தில் தற்செயலாக உள்ளே நுழைந்தவர் அவற்றைப் பெறுகிறார்.

ஆக, முந்தியவருக்கே இடம் என்னும் விதி, சில நிமிஷங்களில் எல்லாம் தீர்ந்துபோகும் இடத்தில், உண்மையில் குலுக்கலாகவே நடக்கிறது. அதுவும் எல்லோர்க்கும் சமமான குலுக்கல் அன்று. நகரத்தின் விரைவான இணைப்பும், வேலை நாளில் அந்த மணிக்கு ஓய்வும் உடையவர்களுக்குக் கூடுதல் சீட்டுகள் கொடுத்த குலுக்கல். விதுராவிலும் கல்லாற்றிலும் மலையடிவாரத்தில் வாழ்பவர், மலைமறைவில் செல்போன் சமிக்ஞை குன்றியதனாலேயே பின்தங்கக்கூடும். குலுக்கல்தான் நடக்கிறதென்றால் அதை வெளிப்படையாகவே நடத்துவது மேல் என்று நான் திடமாக நம்புகிறேன். விண்ணப்பங்களை ஒரு வாரம் வாங்கி, பிறகு சீட்டெடுக்கலாம். ஒரு வாரத்தில் எந்நாளில் விண்ணப்பித்தாலும் வாய்ப்பு ஒன்றே என்றால் ஒரே கணத்தில் கூட வேண்டிய அவசியம் எவருக்கும் இராது, எர்லாங்கின் அனுமானம் மீண்டும் உயிர்பெறும், சர்வரும் மூச்சுவிடும். திருமலையில் சில ஆர்ஜித சேவைகளுக்கு எலக்ட்ரானிக் டிப் என்ற பெயரில் இம்முறை நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் யோசமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை இரும்பு வடம் பற்றி ஏறுவதற்கு நாளொன்றுக்கு 300 பேர் என்று வரம்பிட்டு, அந்த அனுமதியில் பெரும்பகுதியை மார்ச் மாதத்தில் பெறும் விண்ணப்பங்களிலிருந்து குலுக்கியே தருகிறார்கள்.

குலுக்கலிலும் நுட்பங்கள் உண்டு. நான்கு நண்பர்கள் சேர்ந்து போக விரும்பி, நால்வரும் தனித்தனியே நால்வர் பெயரையும் எழுதிச் சீட்டுப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டு வெல்லும் வாய்ப்பு பத்தில் ஒன்றாயிருந்தால், நான்கில் ஏதேனும் ஒன்று வென்று நால்வரும் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 34 ஆகிவிடும். தனியே செல்ல விரும்பிய மனிதருக்கோ நூற்றுக்குப் பத்துதான். ஆதலின் ஒரு பெயர் ஒரு சீட்டில் மட்டுமே இடம்பெறலாம் என்ற விதி இன்றியமையாதது. சீட்டெடுப்பவரை நம்புவது எப்படி என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடத்திலிட்ட ஓலைகளைச் சபையார் நடுவே, உள்ளே இருப்பது அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பிக்க வேண்டும் என்று எத்தனை கவனமாக விதிக்கின்றன! கணினியிலும் அதற்கு வழியுண்டு. விண்ணப்பப் பட்டியல் முழுவதற்கும், ஓரெழுத்து மாறினாலும் முற்றிலும் மாறிவிடும் தன்மையுள்ள கைரேகை எண் ஒன்றைக் கணித்து முதலிலேயே பிரசுரித்துவிடலாம்; குலுக்கலுக்கு வித்தாகும் எண்ணை, எவரும் முன்னறிய முடியாததும் யாவரும் பின்னர் சரிபார்க்கக் கூடியதுமான ஒரு பகிரங்க நிகழ்ச்சியிலிருந்து எடுக்கலாம். அப்போது எவரும் தம் வீட்டிலிருந்தே கணக்கைத் திரும்பப் போட்டு முடிவைச் சோதிக்க இயலும்.

இடத்தரகர்களைப் பற்றியும் கூற வேண்டும். இடங்களைப் போலிப் பெயர்களில் பதிந்து வைத்து, வாங்குபவர் கிடைத்ததும் ஓரிடத்தை ரத்து செய்து, ரத்தான மறுகணமே அவர் பெயரில் பதிவதே அவர்களுடைய உத்தி. முந்தியவருக்கே என்ற விதியில், எந்தக் கணத்தில் இடம் காலியாகும் என்பது தரகர் ஒருவருக்கே தெரியுமாதலால் இது பலிக்கிறது. ஹகிமோவ், ஹெல்லர், க்யூப்லர், குரினோ என்னும் நான்கு பொருளியலாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் சிலரைத் தரகர்களாகவும் சிலரை விண்ணப்பதாரர்களாகவும் நடிக்கச் செய்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். விண்ணப்பங்களைத் திரட்டிக் குலுக்கும் தொகுப்பு முறையில், ரத்தான இடம் உடனே எவருக்கும் போகாமல் அடுத்த குலுக்கலில் சேர்ந்துவிடுவதால், அதைத் தம் வாடிக்கையாளருக்கு மாற்றித் தரத் தரகரால் முடிவதில்லை; வியாபாரம் லாபமற்றுப் போகிறது. அகஸ்தியர்கூடம் போன்ற மலைக்கு இந்தக் கடைசி அம்சம் மிக முக்கியம். உடல்நலக் குறைவாலும், விடுப்பு கிட்டாமையாலும் கடைசி நாட்களில் இடங்கள் காலியாவது சகஜம். அவற்றை வாரத்துக்கொரு முறை சிறு குலுக்கலாக நடத்தி, ஏற்கெனவே விண்ணப்பித்து இடம் பெறாதவர்களுக்கு வழங்கினால், காலியிடம் வீணாகவும் செய்யாது, கள்ளச்சந்தைக்குப் போகவும் செய்யாது. இதற்கு வேண்டிய கணினியோ செலவோ இப்போதிருப்பதைவிட அதிகமில்லை. பருவத்தின் தொடக்கத்துக்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கினால் போதும்.